இடம் மாற்றி உட்கார்ந்தவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் கணவன், செய்தித்தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு. அவனுக்குப் பக்கத்தில் குட்டை பெஞ்சில் மகள், காலை ஆட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கால்விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டு. ஃப்ரிட்ஜை ஒட்டிப் போட்ட இரும்பு ஸ்டூலில் கொழுந்தன். அவர்களுக்கு எதிரே, ஸ்டாண்டில் பூட்டிய கேமராவுக்குப் பின்னால், ஒரு கண்ணை மூடிக் குனிந்தபடி அவள்.

யார் எங்கே உட்கார வேண்டும் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். அவள் கேமரா ரிப்பேர் பார்க்கிறவள். தெருவுக்கே 'கேமரா அக்கா'. வெளியூர்களிலிருந்தும் பெட்டியில் கட்டி அனுப்பி வைப்பார்கள். வேலை முடிந்த ஒவ்வொரு கேமராவையும் வீட்டு ஆட்களை உட்கார வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் திருப்பி அனுப்புவாள். அதே ஆட்கள், அதே இடம், அதே வெளிச்சம். எல்லாம் மாறாமல் இருந்தால்தான் எது மாறியிருக்கிறது என்று தெரியும். சுவரை எடுத்துப் பார்த்தால் போதாதா என்று கணவன் கேட்கும்போதெல்லாம், "கேமரா வாங்கறவங்க சுவரையா எடுக்கப் போறாங்க?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

"சீக்கிரம் அண்ணி. இன்னும் கொஞ்சம் போனா மூஞ்சி சுளுக்கிக்கும்," என்றான் கொழுந்தன்.

"உன்னை யாரு சிரிக்கச் சொன்னது? சும்மா இரு."

"நான் சும்மா இருந்தாலே சிரிச்ச மாதிரிதான் இருக்கும். பிறவிக் களை."

"களையா? பிடுங்கிப் போட வேண்டியதுதான்," என்றான் அண்ணன்காரன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். மகள் களுக்கென்று சிரித்தாள். அவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சுண்டெலிதான்.

கேமரா வேறொரு ஊர் ஸ்டூடியோக்காரர் அனுப்பியது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ஃபோகஸ் நிற்கவில்லை. அவ்வளவுதான். அவள் பொத்தானைப் பாதி அழுத்தினாள். கணவன் முகத்தில் கட்டம் விழுந்து பச்சையானது, பீப். சுண்டெலி முகத்தில், பீப். கொழுந்தனிடம் வந்ததும் லென்ஸ் முன்னால் போயிற்று, பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போயிற்று, விர்ர் விர்ர் என்று, இருட்டறையில் சுவிட்சைத் தேடித் தடவுகிற கை மாதிரி. பீப் வரவில்லை. போகட்டும் என்று முழுக்க அழுத்தினாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கணவன் மடியில் இருந்த தாளின் பொடி எழுத்தைப் படிக்க முடிந்தது. சுண்டெலியின் பல் விழுந்த ஓட்டை தெரிந்தது. கொழுந்தன் சட்டைப் பொத்தானில் இருந்த நான்கு துளையும், அதில் ஒரு துளையில் பிய்ந்து நின்ற நூலும், அவனுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் கதவில் பெயின்ட் உரிந்த இடமும், அவன் காதும், காதுக்கு மேலே சீப்புக்கு அடங்காத மயிரும் வெட்டினாற்போல் இருந்தன. முகம் மட்டும் கலங்கியிருந்தது. கொதிக்கிற பாத்திரத்து ஆவிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி.

அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த முதலாளி சொல்வார்: கேமரா கோளாறு பத்து வந்தால் எட்டு அழுக்கு, ஒன்று பேட்டரி, மிச்சம் ஒன்று வைத்திருக்கிறவன் கைவிரல். அந்த வரிசையிலேயே போனாள். லென்ஸின் முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் ஊதித் துடைத்தாள். லென்ஸ் வந்து பொருந்துகிற இடத்துப் பித்தளைப் புள்ளிகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பேட்டரியை மாற்றினாள். மெமரி கார்டை மாற்றினாள். செட்டிங் எல்லாவற்றையும் அழித்து, பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கேமரா மாதிரி ஆக்கினாள். கை நடுக்கத்தைச் சரிக்கட்டுகிற சுவிட்சை அணைத்தும் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு படம். ஒவ்வொரு படத்துக்கும் எல்லோரும் அவரவர் இடத்தில்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் வாசனையும், உள்ளே கொடியில் போட்ட ஈரத்துணியின் புழுங்கல் வாசனையும், ஃப்ரிட்ஜின் ஓயாத முனகலும் சேர்ந்து அறை சின்னதாகிக்கொண்டே வந்தது.

"இன்னும் எத்தனை தடவை? லீவு நாள்ல மனுஷன் கொஞ்சம் படுக்க வேண்டாமா?" என்றான் கணவன்.

"ஒரு வேலை முடியற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு உட்காரத் தெரியாதா உங்களுக்கு?"

"உன் கேமராவுக்கு என் மூஞ்சி பிடிக்கல அண்ணி. அதான் விஷயம். என்னை விட்டுட்டு எடு."

விட்டுவிட்டு எடுத்திருக்கலாம். ஆனால் அவள் கோளாறை விட்டு எழுந்திருக்கிற ஜாதி இல்லை. தன் சொந்தக் கேமராவை அலமாரியிலிருந்து எடுத்து, ஸ்டூடியோக்காரரின் லென்ஸை அதில் மாட்டினாள். கலங்கல். சரி, லென்ஸ்தான் என்று நிம்மதியாகக் கழற்றி, தன் லென்ஸைத் தன் கேமராவில் மாட்டினாள். போன வாரம் வரை கண்ணாடி மாதிரி எடுத்துக் கொடுத்த கேமரா அது.

விர்ர். விர்ர். பீப் இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டாள். "தம்பி, நீ ஆடறே."

"நானா? மூச்சு கூட விடல."

"அப்ப அந்த ஸ்டூல் ஆடுது. இல்ல ஃப்ரிட்ஜ் அதிருது. நீ எழுந்து பெஞ்சுல உட்காரு. சுண்டெலி, நீ போய்ச் சித்தப்பா இடத்துல உட்காரு."

இதுவரைக்கும் எந்தக் கேமராவுக்காகவும் அந்த வீட்டில் யாரும் இடம் மாறியதில்லை. சுண்டெலிக்குத் தலைகால் புரியாத குஷி. ஓடிப்போய் ஸ்டூலில் ஏறி, அவன் உட்கார்ந்த சூடு இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள்.

படம் வந்தது. பெஞ்சில் கொழுந்தன், கலங்கல். ஸ்டூலில் சுண்டெலி, தெளிவு. இடத்தில் இல்லை, ஆளிடம்தான் இருக்கிறது. ஒன்று தெரிந்துவிட்டது என்ற திருப்தியில், உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை அழுத்தினாள்.

ஸ்டூலில் சுண்டெலி. புருவம் சரியாக இருந்தது. புருவத்துக்குக் கீழே, தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்த மாதிரி.

அப்போதுதான் முதலாளியின் இன்னொரு பேச்சு அவள் நினைவில் ஏறியது. சந்தேகப்பட்ட கார்டை நல்ல கேமராவில் செருகிப் பார்க்காதே. கார்டின் துளை அடைத்திருந்தால், கேமராவுக்குள் இருக்கிற ஊசி வளையும். வளைந்த ஊசி அடுத்து வருகிற நல்ல கார்டைக் கெடுக்கும். அந்தக் கார்டு அடுத்த கேமராவைக் கெடுக்கும். கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவனே அதைக் கையைப் பிடித்து வீடு வீடாக அழைத்துப் போவான். பழகுகிற காலத்தில் அவளே கடையில் அப்படி ஒரு அலமாரி நிறைய இருந்த கேமராக்களைப் பாழாக்கி, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மாற்றிப் போட்டுப் பார்க்கிற வேலை, போடுவது கெடாது என்று தெரிந்தால் மட்டும்தான் சோதனை. இல்லாவிட்டால் அதற்குப் பெயர் வேறு.

"போதும். எல்லாரும் எழுந்திருங்க," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

கொழுந்தன் முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போனான். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. பிறகு கண்ணாடியைத் துண்டால் துடைக்கிற சத்தம். கீச். கீச். சற்று நிறுத்தி, மறுபடி. பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினால் கண்ணாடியில் ஆவி படியாது என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வெளியே வந்தபோது கையில் போனை நீட்டிக்கொண்டு வந்தான். "அண்ணி, இதுல எதாவது சரி பண்ண முடியுமா பாரேன். மூஞ்சியக் காட்டினா திறக்கும். இப்ப, முகம் தெரியல, மறுபடி காட்டுன்னு சொல்லுது." சிரித்தான் போலிருந்தது. சிரித்தானா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. மழை வெளிச்சம் என்று வைத்துக்கொண்டாள். கண் களைப்பு என்று வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து பூதக்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தெளிவாகத் தெரியும்.

கணினியைத் திறந்தாள். பழைய சோதனைப் படங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. போன மாதப் படம்: ஸ்டூலில் கொழுந்தன், கலங்கல். அதற்கு முந்தைய மாதம், கலங்கல். போன வருஷம். அவன் முதன்முதலாக வேலைக்குப் போன அன்று புதுச்சட்டையோடு எடுத்தது. சட்டை தெரிகிறது. இஸ்திரி மடிப்பு தெரிகிறது. அவளுக்குக் கல்யாணமாகி வந்த புதிதில், அரைக்கால் சட்டையோடு கதவு இடுக்கில் நின்று எட்டிப் பார்த்த பையன். முழங்கால் சிராய்ப்பு தெரிகிறது. முகம் இல்லை.

அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பிறவிக் களை என்ற சொல்தான் வந்தது.

பிறகு, பார்க்க வேண்டாம் பார்க்க வேண்டாம் என்று மனம் அடித்துக்கொள்ள, சுண்டெலியின் படங்களுக்குப் போனாள். கடைசியாக எடுத்தது கலங்கியிருந்தது. அதற்கு முந்தையது தெளிவு. அப்பாடா என்று மூச்சு விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்தாள். இப்போது அதுவும் கலங்கியிருந்தது.

பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது அது. நேற்றிலிருந்து முந்தாநாளுக்கு. அங்கிருந்து போன மாதத்துக்கு. அவசரப்படவில்லை.

பெட்டி மேல் ஒட்டிய சீட்டில் ஸ்டூடியோக்காரரின் எண் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தார், போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தவர் போல.

"நீங்க அனுப்பின கேமரா விஷயமா..."

"சொல்லுங்கம்மா."

"ஃபோகஸ் பார்த்தேன். என்ன பண்ணியும் ஒருத்தர் முகம் மட்டும் நிக்க மாட்டேங்குது."

"ஒருத்தரா? ஆள வெச்சா எடுத்துப் பார்த்தீங்க?"

"வீட்டு ஆளுங்கதான்."

 "சுவரை எடுத்துப் பார்த்திருக்கலாமேம்மா," என்றார். பிறகு மெதுவாக, "மாத்தி உட்கார வெச்சீங்களா?"

"இல்ல," என்றாள். ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வெச்சிருக்கீங்கம்மா. இன்னிக்கு மத்தியானம். எனக்குத் தெரியும்." அவர் குரல் உடைந்தது. "என் சம்சாரம் தட்டு வைக்க வந்தா. நிமிர்ந்து பார்த்தேன். மோவாய்ல ஒரு மச்சம் உண்டு அவளுக்கு. அது தெரிஞ்சுது. எத்தனை நாளாச்சு தெரியுமா அதைப் பார்த்து?" அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "எங்கிட்டயும் ஒருத்தர், பார்த்துக் குடுங்கன்னுதான் அனுப்பினாரு. நீங்க சுவரைத்தான் எடுப்பீங்கன்னு நெனச்சேன். சுவரை எடுக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன். என்னை மன்னிக்கவே மன்னிக்காதீங்க."

போன் வைக்கப்பட்டது. பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. போய் ஸ்டூலில் தானே உட்கார்ந்தாள். "என்னங்க, பொத்தானை அழுத்துங்க. என்னை எடுங்க. என்னை மட்டும்."

"என்ன ஆச்சு உனக்கு?"

"அழுத்துங்கன்னா அழுத்துங்களேன்!"

பீப். உடனே. படத்தில் அவள் முகம் ஈரத்தோடு, சுருக்கத்தோடு, கன்னத்தில் ஒட்டிய பஞ்சுத் துணுக்கோடு, மயிரிழை தப்பாமல் இருந்தது. திரும்பத் திரும்ப உட்கார்ந்தாள். திரும்பத் திரும்பத் தெளிவாக இருந்தாள். அதற்கு அவள் வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தி வேண்டும்.

அன்று ராத்திரி சுண்டெலி வழக்கம்போல அவள் கைமேல் தலைவைத்துப் படுத்தாள். அவள் விளக்கைப் போடவில்லை. போட்டால் பார்க்க வேண்டும்.

"அம்மா, சித்தப்பா ஏன் கண்ணாடியையே துடைச்சுக்கிட்டு இருக்கார்?"

"தூங்கு."

"நீ ஏன் என்னைப் பார்க்க மாட்டேங்கறே?"

"இருட்டா இருக்குடா."

சுவருக்கு அந்தப் பக்கம், கீச். கீச். நிறுத்தம். கீச்.

இருட்டில் குழந்தை முகத்தை மனதில் வரைந்து பார்த்தாள். பல் ஓட்டை எந்தப் பக்கம்? மேலேயா, கீழேயா? மூக்கு அப்பா மூக்கு என்பார்கள். அப்பா மூக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. குழந்தை மூக்கு தெரியவில்லை. பிறந்த அன்று துணியில் சுற்றி நீட்டினார்களே. அது. அது இன்னும் இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். விடிந்தபோது துணி மட்டும் இருந்தது.

காலையில் மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். அவளோடு ஒரே கடையில் தொழில் பழகியவள் ஒருத்தி வேறொரு ஊரில் இருந்தாள். வளைந்த ஊசியை நிமிர்த்துவதில் கைகாரி என்பதால் குண்டூசி என்று பெயர். கையில் அடங்காத வேலை வந்தால் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது வழக்கம். நலம் விசாரித்து எழுதினாள். பிள்ளைகளை விசாரித்து எழுதினாள். கோணலில்லாத எழுத்து, வரி விட்டு வரி, பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்த மாதிரி. பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

'இந்தக் கேமராவின் ஃபோகஸ் எனக்குப் பிடிபடவில்லை. சுவரையும் அச்சுத் தாளையும் எடுத்தால் கோளாறு தெரியாது. ஆட்களை உட்கார வைத்து எடுத்துப் பார். யாராவது ஒருவர் தெளியாவிட்டால், இடம் மாற்றி உட்கார வைத்துப் பார்.'

கணவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். படித்து முடித்த பிறகும் நகரவில்லை.

"அவ வீட்ல மூணு பிள்ளைங்க," என்றான்.

"தெரியும்."

"சின்னது இப்பதான் நடக்கப் பழகுதுன்னு சொன்னே."

அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள். அவன் உள்ளே போனான். பெட்டி ஒட்டுகிற டேப்பும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு வந்தான்.

கூரியர்க்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். வாராவாரம் வருகிறவர்; சுண்டெலியிடம் வம்பிழுக்காமல் போக மாட்டார். அவள் உறையின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அழுத்தினாள். பெட்டி மேல் வைத்து டேப்பைச் சுற்றினாள். தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பின்னாலேயே சின்னக் காலடி.

"என்ன அக்கா, கனமா இருக்கு?"

"கேமரா. பார்த்து எடுத்துட்டுப் போங்க. இன்னிக்கே போயிடுமில்ல?"

"சாயங்கால வண்டிக்கு ஏத்திடுவேன்." பெட்டியை வாங்கியவர் அவளைத் தாண்டி நிலைப்படியைப் பார்த்துச் சிரித்தார். "என்னக்கா, பாப்பாவுக்கு என் மேல கோவமா? முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது."

அவள் திரும்பவில்லை.

"ஏய் பாப்பா, இந்தப் பக்கம் திரும்பு. மாமா மிட்டாய் வெச்சிருக்கேன்."

"இந்தப் பக்கம்தான் மாமா பார்க்கறேன்," என்றது சுண்டெலியின் குரல்.

கூரியர்க்காரர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கண் மட்டும் மெல்ல இறங்கியது. பள்ளிக்கூடச் சட்டையின் பொத்தான் வரிசை. மார்பில் குத்திய கைக்குட்டை. அவரை நோக்கி நின்ற ஷூவின் முனைகள். மறுபடி மேலே ஏறியது. அங்கேயே நின்றது.

"சீக்கிரம்," என்றாள் அவள். "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க."

அவர் பார்வையை எடுக்காமலே பின்பக்கமாக நடந்து, கையால் தடவி, கடிதத்தோடு பெட்டியை வண்டிப் பைக்குள் இறக்கி ஜிப்பை இழுத்தார். நிலைப்படியில் ஒரு சின்னக் கை உயர்ந்து டாட்டா காட்டியது.